துடைக்காமல் விட்ட லென்ஸ்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மைக்ராஸ்கோப்பைப் பற்றி நான் எதையாவது எழுத வேண்டுமாம். கேட்டவர்களுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியாது போலிருக்கிறது.

விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு கையால் தண்டைப் பிடி, மறு கையை அடியில் கொடு. நேர் வெயிலைக் கீழ்க்கண்ணாடியில் வாங்காதே, கண் போய்விடும். லென்ஸை இறக்கும்போது குழாய் வழியே பார்க்காதே. பக்கவாட்டில் குனிந்து, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார். ஏற்றும்போது மட்டும் குழாயில் கண்ணை வை. ஸ்பிரிட்டை லென்ஸ் பக்கம் கொண்டுபோகாதே. ஸ்லைடின் மேல் வைத்த எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பார்க்கும் எண்ணெய் லென்ஸை, வேலை முடிந்ததும் துடை. இவற்றில் ஒன்றையும் என் பணிக்காலத்தில் நான் மீறியதில்லை. ஒரு மனிதரை அருவியின் விளிம்பு வரைக்கும் அனுப்பியதும் இவற்றில் ஒன்றையும் மீறாமல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. ஆய்வுக்கூடம் என்பது ஒரு வடக்கு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், நான். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் மிகவும் சுத்தக்காரர் என்று கேள்வி. ஒவ்வொரு ஸ்லைடு பார்த்ததும் எண்ணெய் லென்ஸை சைலால் விட்டுத் துடைப்பாராம். சைலால் எண்ணெயைக் கரைக்கும், சரிதான். கூடுதலாக விட்டால் உள்ளே ஊறிப்போய், கண்ணாடியைப் பித்தளையோடு ஒட்டியிருக்கும் பசையையும் கரைக்கும். ஒரு நாள் முன்கண்ணாடி கழன்று ஸ்லைடின் மேல் விழுந்தது. புது லென்ஸ் கப்பலில் வந்து சேர ஐந்து மாதம். மனிதர் எங்கோ மலையடிவாரத்துக்கு மாற்றலாகிப் போனார். ஆஸ்பத்திரியில் அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "லென்ஸைத் தின்னவரு" என்றுதான் சொல்வார்கள்.

நான் சேர்ந்த அன்று டாக்டர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுப் பித்தளை வளையத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதிகம் பேசாதவர்.

"இது என்னன்னு தெரியுதா?"

"லென்ஸ் இருந்த வளையம், டாக்டர்."

"இருந்த. அதான்."

மறுபடி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றிலிருந்து அந்த லென்ஸ் எனக்கு ஒரு கருவியாகத் தெரியவில்லை. பாம்புப் பெட்டிக்குள் கையை விடுவது போலத்தான் அதைத் தொடுவேன்.

சாரல் காலம் தொடங்கியதும் பயம் இரட்டித்தது. குற்றாலத்து ஈரம் மூன்று மைல் கடந்து வந்து தென்காசியில் உப்பு ஜாடியைத் தண்ணீராக்கும், தீக்குச்சியைப் பிசுபிசுக்க வைக்கும். லென்ஸில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படரும். நான் மைக்ராஸ்கோப் பெட்டிக்குள் ஈரத்தை இழுக்க ஒரு பீங்கான் கிண்ணத்தில் கல்சுண்ணாம்பு வைத்து, அது நீறிப் பொடிய ஆரம்பித்ததும் மாற்றுவேன். லென்ஸ் துடைக்கும் மெல்லிய காகிதம் சிறு புத்தகமாக வரும். அந்த வருஷ ஈரத்தில் அது அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுக்க முடிந்த தாள்கள் பதினைந்தோ பதினாறோ. அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

விதி என்ன சொல்கிறது? 'வேலை முடிந்ததும் துடை.' வேலை எப்போது முடிகிறது? ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு வேலையா, அந்த நாள் முழுவதும் ஒரு வேலையா? எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு தாள். லென்ஸும் பிழைக்கும், காகிதமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். நோயாளி இந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமைகளில் பெருநோய்க்காரர்களுக்கான, அதாவது தொழுநோயாளிகளுக்கான, சிகிச்சை. தோலைச் சிறிது கீறி, சுரண்டி எடுத்ததை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி எனக்கு அனுப்புவார்கள். கிருமி இருந்தால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அந்தப் புதன்கிழமை மூன்றாவது ஸ்லைடு சுரண்டை ஊரிலிருந்து வந்த ஒருவருடையது. முற்றிய நோய். கட்டுக் கட்டாகச் சிவப்பு. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது ஸ்லைடு ஆவுடையப்ப பிள்ளையுடையது. குற்றாலத்தில் சாரலுக்கு வந்து தங்கும் ஒரு பண்ணையார் வீட்டுத் தவசிப்பிள்ளை அவர். எங்கள் பக்கத்துச் சைவர் வீடுகளில் சமையல்காரரை அப்படித்தான் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்கையில் வெளிறிய ஒரு தேமல். அந்த இடத்தில் ஊசியால் தொட்டால் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னாராம். டாக்டருக்குச் சந்தேகம். பண்ணையார் வீட்டுக் காரியஸ்தர்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். மூன்றாவது ஸ்லைடை எடுத்தேன், நான்காவதை வைத்தேன், லென்ஸை எண்ணெயில் இறக்கினேன். லென்ஸின் நுனியில் முந்தின எண்ணெய் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு இறக்கினேன்.

சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. அதிகம் இல்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. குச்சி தெளிவாகத் தெரியும்போது அடியிலுள்ள நீலத் தோலணுக்கள் மங்கின. குழாயின் திருகைச் சிறிது திருப்பி அணுக்களைத் தெளிவாக்கினால் குச்சி மங்கியது. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. அணுக்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்க, குச்சிகள் அவற்றுக்கு மேலே எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தன. இதைப் படித்ததும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் உட்காரவில்லை. தடவல் கனமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'கிருமி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை விதிப்படி லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை டாக்டர் ஆவுடையப்ப பிள்ளையிடம் சொன்னார். வாரம் ஒரு முறை நீரடிமுத்து எண்ணெய் ஊசி, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. காரியஸ்தர் பக்கத்தில் நின்று கேட்டார். கேட்டவர் ஆவுடையப்ப பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாகவே வண்டி ஏறிப் போய்விட்டார். அவர் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது செய்தியும் சேர்ந்திருக்கும். பண்ணையார் வீட்டில் முந்தின நாள் சமைத்ததையெல்லாம் தோட்டத்தில் கொட்டிப் பாத்திரங்களைத் தீயில் வாட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பகலில் ஆவுடையப்ப பிள்ளை என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, என் தோலைப் பாத்தது நீங்கதானா?"

"ஆமா. எதுனாலும் டாக்டர்கிட்ட கேளுங்க அண்ணாச்சி."

"அவரு சொல்லிட்டாரு. உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும். எனக்கு முன்னாடி யாரைப் பாத்திய?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"பேரு வேண்டாம். வியாதி உள்ளவனா, இல்லாதவனா?"

நான் ஸ்லைடுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"கோவிச்சிக்கிடாதிய. எனக்கு மிசின் தெரியாது. ஆனா ஒரு கரண்டியைப் புளிக்கொழம்புல விட்டுட்டு அதையே பால்ல விட்டா, பால் திரிஞ்சிரும். பால் மேல தப்பா? அதுக்குத்தான் கேக்கேன். நீங்க கரண்டியைக் கழுவுவியளா?"

"இது சமையல்கட்டு இல்ல அண்ணாச்சி. இதுக்குன்னு மொறை இருக்கு."

"இருக்கணும்" என்றார் அவர். "மொறை இருந்தாச் சரி." துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நடந்து போனார்.

அவர் ஸ்லைடு இன்னும் என்னிடம் இருந்தது. பெட்டியைத் திறந்து லென்ஸைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஸ்லைடில் இருந்த பழைய எண்ணெயை ஒரு சொட்டு சைலாலால் கழுவினேன். புது எண்ணெய் வைத்தேன். ஒரு மணி நேரம் வரிசை வரிசையாகத் தேடினேன். நீலம். நீலம். நீலம். சிவப்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி. டாக்டர் இருபது அடி தூரத்தில் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். நாலு மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். இருமியது எனக்குக் கேட்டது.

நான் எழுந்து போகவில்லை. ஏன் என்று கேட்டால் நிறையக் காரணம் சொல்வேன். பழைய தடவலைக் கழுவிப் பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது, புதுத் தடவல் எடுக்க வேண்டும். புதுத் தடவல் எடுக்க நோயாளி வேண்டும், நோயாளி போய்விட்டார். ஆகவே நாளைக்கு அவரை வரவழைத்து, முறைப்படி எல்லாம் செய்து, அப்புறம் டாக்டரிடம் சொல்வதுதான் சரி. ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் பூட்டிய இழுப்பறைக்குள் ஒரு பித்தளை வளையம் கிடந்தது. அடுத்த வாரம் ஜில்லாவிலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள், என் நிரந்தரம் பற்றி அன்று முடிவாகும். பயந்தவனுக்கு முறைகளைப் போல ஒளிந்துகொள்ள நல்ல இடம் வேறு இல்லை.

அன்று இரவு தூக்கம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. நன்றாகவே தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரியஸ்தர் நனைந்த குடையோடு டாக்டர் அறைக்கு வந்தார். நான் ரிஜிஸ்டரோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, நம்ம தவசிப்பிள்ளையை நேத்து அந்தியில இருந்து காணும். பெரிய அருவிப் பக்கத்துப் பாறையில அவரு துண்டு கெடக்கு. ராத்திரி மலையில நல்ல மழை. தண்ணி செக்கச் செவேல்னு வருது. பக்கத்துல போவ முடியல."

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

"டாக்டர், அந்த ஸ்லைடு தப்பு."

"எது?"

"தவசிப்பிள்ளையோடது. அதுல ஒண்ணும் கெடையாது. முந்தின ஸ்லைடுல உள்ளது லென்ஸ் எண்ணெயோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நடுவுல நான் தொடைக்கல."

அவர் பேனாவை மூடினார்.

"எப்பம் தெரிஞ்சுது?"

"நேத்து."

"நேத்து எத்தனை மணிக்கு?"

இந்த ஒரு கேள்வியை என் ஆயுளில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னைக் கேட்டதில்லை. தப்பு எப்படி நடந்தது என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

"ரெண்டு மணிக்கு."

"நான் நாலு மணி வரைக்கும் இங்கன இருந்தேன்" என்றார். குடையை எடுத்தார். "வாரும்."

ஜட்காவில் மூன்று மைல். மழையில் குதிரை அடிக்கொரு தரம் வழுக்கியது. டாக்டர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். சிற்றாற்றுக்கு அருகில் வந்தபோது நான் தண்ணீரைப் பார்த்தேன். கிளைகள், வாழைமட்டை, ஒரு கூடை எல்லாம் உருண்டுகொண்டு வந்தன. எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. வெள்ளையாக ஒன்று சுழலில் புரண்டபோது வண்டிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாழைத்தண்டு.

அருவி அன்று அருவி மாதிரி இல்லை. பாறையையே பெயர்த்துக்கொண்டு வருவது போல ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. துண்டு, காரியஸ்தர் சொன்ன இடத்தில், நான்காக மடித்து, மேலே ஒரு கல் வைத்தபடி இருந்தது. காற்றில் போகாமலிருக்கக் கல்.

குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தார். டாக்டர் அவரிடம் கேட்டார்.

"ஆமய்யா. நேத்து அந்தியில ஒரு ஆளு ரொம்ப நேரமா நின்னாரு. அப்பம் இம்புட்டுத் தண்ணி இல்ல, ஆளுக குளிச்சிக்கிட்டுதான் இருந்தாவ. எண்ணெய் தேய்க்கணுமா அண்ணாச்சின்னு கேட்டேன். என்னைத் தொடாதேன்னாரு. துண்டை மடிச்சி வச்சிட்டு நடந்தாரு."

"எங்கன நடந்தாரு? அருவிப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

"பாக்கலையே ஐயா. மழை வந்திட்டு."

டாக்டர் அருவிப் பக்கம் நடந்தார். நான் ரோட்டுப் பக்கம் நடந்தேன். தைரியத்தால் இல்லை. அருவியின் அடியில் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

கோயிலுக்குப் போகும் வழியில் ஓரமாகப் பெருநோய்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாரல் மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால் அந்த வரிசையும் நீளம். ஆளுக்கொரு தகரக் குவளை, தலையில் சாக்கு. நான் அவர்களைப் பார்க்காமல் கடந்துகொண்டிருந்தேன். வரிசை முடிகிற இடத்தில், இரண்டு முழம் தள்ளி, தலையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் குவளை இல்லை. கைகளை மடியில் வைத்திருந்தார்.

வரிசையில் கடைசியாக இருந்தவர், விரல்கள் போன கையால் தன் குவளையை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தார். "உள்ள தள்ளி உக்காருமே, நனையுதீரே" என்றார் அவரிடம். என்னைப் பார்த்து, "புதுசு. கூச்சப்படுதாரு. ரெண்டு நாள்ல சரியாப் போவும்" என்றார்.

நான் கத்திய கத்தலில் டாக்டர் வந்துவிட்டார்.

"என்னவே, இங்கன என்ன செய்யுதீரு?" என்று கேட்டார்.

"எங்கன உக்காரணுமோ அங்கன உக்காந்திருக்கேன் ஐயா" என்றார் ஆவுடையப்ப பிள்ளை.

டாக்டர் நகர்ந்து எனக்கு வழி விட்டார். "நீரே சொல்லும்."

சொன்னேன். வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு முன்னால் பார்த்ததில் இருந்தது உங்கள் ஸ்லைடில் வந்துவிட்டது, நான்தான் தப்பாக எழுதினேன். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. கணக்குப் போடுவது போலத் தரையைப் பார்த்தார்.

"கரண்டி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. கரண்டிதான்."

"துண்டு அங்கன இருக்கா?"

"இருக்கு."

"போவத்தான் போனேன். கீழ ஆளுக குளிச்சிக்கிட்டிருந்தாவ, பிள்ளையளும் உண்டு. இந்த ஒடம்போட அந்தத் தண்ணியில விழுந்தா எல்லாத்துக்கும் ஒட்டிராதா? ஆளு போவட்டும்னு பாத்தேன். போவல. ஒருத்தன் போனா ரெண்டு பேரு வாரான். பொறவு இங்கன வந்து உக்காந்துட்டேன்." மழைநீரை முகத்திலிருந்து வழித்துவிட்டார். "ஐம்பது பேருக்குச் சமைச்ச கை தம்பி. ஒரு எச்சித் தண்ணியைக் கலந்ததில்ல."

அவரை உயிரோடு வைத்தது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் படிப்பு இருந்தது, சான்றிதழ் இருந்தது. ஒன்றில் உள்ளது இன்னொன்றில் கலக்கக் கூடாது என்ற பயம் அவரிடம்தான் இருந்தது. என் பயமெல்லாம் லென்ஸைப் பற்றியது.

ஆஸ்பத்திரியில் அவர் கண்ணெதிரே புதுத் தடவல் எடுத்தோம். நான் ஒரு தாளைப் பிரித்து, நுனியில் சைலால் ஒரே ஒரு சொட்டு விட்டு, லென்ஸைத் துடைத்து, காய்ந்த தாளால் மறுபடி துடைத்தேன். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"இதுக்கு எம்புட்டு நேரம் ஆவும்?"

பதில் அவருக்கே தெரிந்தது. ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட இல்லை.

மூன்று நாள் மூன்று தடவல். நானும் பார்த்தேன், டாக்டரும் பார்த்தார். ஒன்றும் இல்லை. தேமல் வெறும் தேமல். இருபத்தைந்து வருஷம் அடுப்பனலில் வெந்த தோலுக்கு ஊசி முனை மந்தமாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அப்போதே அது தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் தன் தப்பைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கவனித்தேன். ரிஜிஸ்டரில் என்னை இரண்டு மணிகளை எழுதச் சொன்னார். தப்பு தெரிந்த மணி. தப்பைச் சொன்ன மணி. நடுவில் பத்தொன்பது மணி நேரம். ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் அதைப் படித்தார்கள். என் நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அது குறைந்த தண்டனைதான்.

ஆவுடையப்ப பிள்ளையின் விவகாரம் அவ்வளவு லேசில் முடியவில்லை. 'கிருமி இல்லை' என்ற காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரும் நானும் பண்ணையாரிடம் போனோம். அவர் அதையும் காரியஸ்தர் முன்பே கொண்டுவந்திருந்த பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ரெண்டுலயும் ஒரே கையெழுத்துல்லா இருக்கு" என்றார். "உண்டுன்னு எழுதுனதும் இந்தத் தம்பி, இல்லன்னு எழுதுததும் இந்தத் தம்பி. நான் எதை நம்ப? வீட்டுல பிள்ளைக்காரிய இருக்காளுவோ டாக்டர்."



"நீங்க எதையும் நம்ப வேண்டாம்" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கெழமை மத்தியானம் நான் இங்கன சாப்பிட வாறேன். இவரும் வாறாரு. சமைக்கது ஆவுடையப்ப பிள்ளை. நாங்க சாப்பிடுதைப் பாத்துட்டு நீங்க முடிவு பண்ணுங்க."

ஊர் டாக்டர் தன் வாயால் கேட்ட சாப்பாட்டை எந்தப் பண்ணையாரும் மறுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று இலை. டாக்டர், அடுத்து நான், அடுத்து பண்ணையார். காரியஸ்தர் தூணருகே நின்றார். உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம், பேச்சுச் சத்தம் இல்லை. சோறு, இஞ்சிப் பச்சடி, அப்புறம் சொதி. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் மணக்க, ஆவுடையப்ப பிள்ளை தூக்குவாளியோடு வந்தார். தேமல் இருந்த கையில்தான் கரண்டி.

டாக்டரின் இலையில் ஊற்றினார். டாக்டர் பிசைந்து வாயில் போட்டார். ஆவுடையப்ப பிள்ளை என் இலைக்கு வந்து ஊற்றினார்.

மூன்று ஸ்லைடுகளை நான் பார்த்திருந்தேன். இந்த உலகத்தில் அந்தக் கை சுத்தமானது என்று என்னைவிட நிச்சயமாக அறிந்தவன் யாரும் இல்லை. என் கை சோற்றுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை. நான் எழுதிய 'கிருமி உண்டு' என்ற இரண்டு சொற்கள் ரிஜிஸ்டரில் அடிக்கப்பட்டுவிட்டன. எனக்குள் அடிபடவில்லை. பண்ணையார் தன் இலையைத் தொடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையல் சத்தமும் நின்றிருந்தது. இந்தக் கை இன்னும் இரண்டு நொடி அந்தரத்தில் நின்றால் அந்த மனிதர் திரும்பவும் அந்த வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை இறங்கவில்லை.

ஆவுடையப்ப பிள்ளை குனிந்தபடியே இருந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சாப்பிடுங்க தம்பி. கரண்டியைக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

பிசைந்து சாப்பிட்டேன். சொதி சூடாக இருந்தது, நாக்கு பொத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டேன், பண்ணையாருக்குக் கேட்கும்படி. ஊற்றினார்.

பண்ணையார் தன் சோற்றின் நடுவே விரலால் ஒரு குழி செய்து, நிமிர்ந்து பார்த்தார்.

ஆவுடையப்ப பிள்ளை அந்த இலைக்கு நேராகப் போகவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய், எனக்கு ஊற்றிய கரண்டியைப் போட்டுவிட்டு வேறு கரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். பிறகுதான் பண்ணையாருக்கு ஊற்றினார். இந்தத் தடவை முந்தின ஸ்லைடு நான்தான்.